கம் பூசாத எல்போ

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறந்தது இல்லை. ஹட்டனில் இரும்புச் சாமான் வியாபாரிகள் சேர்ந்து ஓர் ஆண்டு மலர் போடுகிறார்கள். விளம்பரங்களுக்கு நடுவில் வாசிக்கவும் ஏதாவது கிடக்கட்டும் என்று என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். தலைப்பைக்கூட அவர்களே தந்துவிட்டார்கள்: ‘வீட்டுக்கு வேண்டிய குழாய்களும் பொருத்துகளும் – வகைகளும் பயன்களும்’. நான் ஹார்ட்வெயார் கடையில் வளர்ந்தவன். மற்றப் பிள்ளைகள் தீப்பெட்டியில் ரயில் விட்ட வயதில் எல்போவையும் சொக்கட்டையும் கோத்து யானை செய்தவன். இது என்ன பெரிய வேலை என்று உட்கார்ந்தேன்.

கட்டுரை இப்படித் தொடங்கியது:

‘வீட்டுக் குழாய்களில் இன்று அதிகம் புழங்குபவை மூன்று. ஒன்று, சாம்பல் நிற பிவிசி. பாரமில்லை, துருப்பிடிக்காது, வெட்ட ஒரு வாளும் ஒட்டக் கொஞ்சம் கம்மும் போதும். இன்னொன்று, ஜி.ஐ. என்கிற நாகம் பூசிய இரும்புக் குழாய். மரை வெட்டி, சணல் சுற்றி, இறுக்கித்தான் பூட்ட வேண்டும். பூட்டியவன் போன பிறகும் அது நிற்கும். மூன்றாவது, மலையிலிருந்து தண்ணீர் இறக்கும் கறுப்பு ஹோஸ். நன்றாக வளையும்; காட்டுப்பன்றியும் மண்வெட்டியும் இதற்கு எதிரிகள். இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் பொருத்துகளில் முக்கியமானது எல்போ. தண்ணீர் போகிற திசையைத் திருப்புவது இதன் வேலை. எல்போவை ஒட்டுகிறபோது சோலைமலை’

வாக்கியம் இந்த இடத்தில் நின்றுவிட்டது. சோலைமலை யாரென்று கட்டுரைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதுதான் நான் செய்த வேலை. கூப்பிட்டபின் அவன் போகமாட்டேன் என்கிறான். எங்கள் கடைக்கு வந்தாலும் அவன் அப்படித்தான். ஒரு சொக்கட் வாங்க வந்து அரை நாள் நிற்பான்.

2

கதை என்றால் ஒரு தொடக்கம் வேண்டும். எழுதிப் பார்த்தவை:

‘மவுசாகலை நீர்த்தேக்கத்தின் மேல் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த—’ வேண்டாம். மலைநாட்டுக் கதை பனியில்தான் தொடங்க வேண்டும் என்று ஏதோ சட்டம் இருக்கிற மாதிரி எல்லாரும் எழுதுகிறோம். அன்றைக்கு நல்ல வெயில்.

‘சோலைமலை ஒட்டின ஜொயின்ட் கசிகிறது என்று தோட்டமே சொன்னது.’ இது பரவாயில்லை. சாமானில் உள்ள பழுதை முதலிலேயே எடுத்து மேசையில் வைத்துவிட்டால் பேரம் சீக்கிரம் படியும் என்பது அப்பாவின் கட்சி. இதையே வைத்துக்கொள்கிறேன்.

மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்குப் போகிற பாதையில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே ஒரு பழைய லயம், தொழிலாளர் குடும்பங்களுக்கான வரிசை வீடு, இருந்தது. லயத்தின் முனையில் பாறை ஊற்றை ஒரு ஜி.ஐ. குழாயில் பிடித்து விட்டிருந்தார்கள். அதுதான் பீலி. கீழே ஒரு பெரிய கல். தண்ணீர் அந்தக் கல்லில் விழும். குளிப்பதும் தோய்ப்பதும் குடம் பிடிப்பதும் வம்பளப்பதும் அங்கேதான். பீலிக்கு டெப் கிடையாது. மூடலாம் என்கிற எண்ணமே இல்லாமல் செய்த குழாய் அது. வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து இரவும் பகலும் ஓடியது.

பிறகு தனி வீடுகள் வந்தன. சீட்டுக் குலுக்கி ஆளுக்கொன்று கொடுத்தார்கள். ஊற்றை மேலேயே மறித்து, கறுப்பு ஹோஸில் ஒரு சீமெந்துத் தாங்கிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பிவிசியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர். வீட்டுக்கு வீடு டெப். பீலி வற்றிப்போனது. யாரும் அழவில்லை. புகையும் ஒழுகலும் ஓர் அறைக்குள் ஒரு குடும்பமும் என்று கிடந்த லயத்துக்காக நானும் இங்கே அழப்போவதில்லை. அழுவதாக இருந்தால் இந்தக் கதையை வேறு மாதிரி எழுதியிருப்பேன், பரிசுகூடக் கிடைத்திருக்கும்.

அந்தக் குழாய் வேலையைச் செய்தவன் சோலைமலை. அதே லயத்தில் பிறந்தவன், ஐம்பதைத் தொட்டவன், பைப் பாஸ். (எங்கள் பக்கத்தில் கல் வைக்கிறவர் மேசன் பாஸ், பலகை இழைக்கிறவர் தச்சுப் பாஸ். கைத்தொழில் தெரிந்த எல்லாருமே பாஸ்.) வாய் கொஞ்சம் நீளம். “நான் ஒட்டின ஜொயின்ட்ட யானை இழுத்தாலும் பைப்புதாங்க ஒடையும், ஜொயின்ட் ஒடையாது” என்பான். மஸ்கெலியாப் பக்கம் யானை இல்லாததால் யாரும் இழுத்துப் பார்த்ததில்லை. அளவுநாடா வைத்திருப்பான், ஆனால் கண்ணால்தான் அளப்பான். குழாய் குறையும். சொக்கட் போட்டு நீட்டுவான். இன்னொருவன் நீளமாக ஓட்டுகிற இடத்தில் இவன் துண்டு துண்டாகக் கோத்து மாலை கட்டுவான். எங்கள் கடைக்கு அருமையான வாடிக்கை.

ஆனால் ஒன்றில் மட்டும் நிதானம். ஒருமுறை கோயில் மடப்பள்ளியில் எல்போவை அவசரமாக ஒட்டிவிட்டான். அது வானத்தைப் பார்த்துக் காய்ந்துவிட்டது. திறந்ததும் தண்ணீர் பூசாரியின் நெற்றியைக் கழுவியது. அதிலிருந்து கம் பூசுமுன் எல்லாவற்றையும் சும்மா சொருகிப் பார்ப்பான். திருப்புவான், தள்ளி நின்று பார்ப்பான், மறுபடி திருப்புவான்.*

* கம் என்றால் பிவிசி ஒட்டுகிற பசை. வாசகர் தெரிந்துகொள்ள வேண்டிய தொழில் நுட்பம் இந்தக் கதையில் இது ஒன்றுதான். கம் பூசாத வரைக்கும் எல்போ எந்தப் பக்கமும் திரும்பும். பூசிச் சொருகிவிட்டால் ஒரு மூச்சு நேரம்தான். அதற்குப் பிறகு வெட்டி எறிந்துவிட்டுப் புதிதுதான் வாங்க வேண்டும். என் வாக்கியங்களும் அப்படித்தான் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதமாட்டேன். (எழுதிவிட்டேன்.)

3

சிக்கல் சீசனில் தொடங்கியது. யாத்திரையாக மலை ஏறுகிறவர்களைச் சுமந்துகொண்டு நல்லதண்ணிக்கு பஸ்கள் முக்கி முக்கிப் போகிற மாதங்கள். மழை இல்லை. ஊற்று மெலிந்துவிட்டது. ஆனாலும் சாயந்தரம் பார்த்தால் தாங்கியில் தண்ணீர் நிற்கும். விடிந்து பார்த்தால் காலி.

தண்ணிச் சங்கத்துக்குச் செயலாளர் கிருஷாந்தி. முன்பள்ளி டீச்சர். பிள்ளையைக் குளிப்பாட்டாமல், தானும் ஒரு கோப்பைத் தண்ணீரில் முகம் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போன ஒரு காலை, வழியில் சோலைமலையைப் பிடித்துக்கொண்டாள்.

“பாஸ் மாமா, நில்லுங்க. தண்ணி எங்க போகுது?”

“ஆவியாப் போயிருக்கும், டீச்சர்.”

“மஸ்கெலியாவில? இந்தக் குளுருக்கா?”

“அப்ப நரி குடிச்சிருக்கும்.”

“நரி இல்ல மாமா, ஒங்க ஜொயின்ட்தான் குடிக்குது. முழுப் பைப்பு போட வேண்டிய எடத்துல எத்தன சொக்கட்டுன்னு ரோட்டத் தோண்டிப் பாத்தா தெரிஞ்சிரும். ஞாயித்துக்கெழம கூட்டம். அதுக்குள்ள லீக் எங்கன்னு சொல்லுங்க. இல்லாட்டித் தோட்டத்துக் கீழ்க் கணக்குல புதுசாக் கட்டுற வீட்டு வேலைக்குப் பூண்டுலோயாவுல இருந்து வேற பாஸக் கூட்டியாரச் சொல்றாங்க.”

“யாரு சொல்றா?”

“எல்லாரும்.”

“எல்லாரும்னா?”

“நான்.”

இனி கதையில் எது பணயத்தில் இருக்கிறது என்று வாசகர் தேட வேண்டாம். சோலைமலையின் பேர். பூண்டுலோயாக்காரன் ஒருவன் வந்து, இவன் ஒட்டின ஜொயின்ட்டைக் குனிந்து பார்த்து ‘த்சு’ என்று நாக்கைத் தட்டுகிற காட்சி அவனுக்கு அன்றைக்குச் சோற்றை இறங்கவிடவில்லை.

தோண்டினான். தாங்கிக்கு வெளியே இருக்கிற கேட் வால்விலிருந்து ஆரம்பித்து, வீட்டுக்கு வீடு பிரிகிற ஒவ்வொரு டீப் பொருத்தையும் மண் விலக்கித் தடவிப் பார்த்தான். முதல் நாள் கம் செய்த கொம்பனியைத் திட்டினான். அடுத்த நாள் குழாயைத் திட்டினான். அதற்கடுத்த நாள் ஆள் இல்லாத இடத்தில் தன்னையே திட்டினான். ஆனால் எல்லா ஜொயின்ட்டும் எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது. ஓரிடத்திலும் ஈரமில்லை.

குழியில் உட்கார்ந்து ஒரு வெற்றிலை போட்டான். முதலில் சந்தோஷம். உடனே கோபம். ஜொயின்ட் கசியவில்லை என்றால் தண்ணீர் போகிற வழி ஒன்றே ஒன்றுதான். யாரோ திறந்துவிடுகிறார்கள்.

4

பட்டப்பகலில் வீடுகளின் பின்பக்கமாக நடந்தான். சமையலறைத் தண்ணீர் ஓடும் கான்களில் பாத்திரம் கழுவின அளவுக்கு லேசான ஈரம்தான். பின்னால் நட்ட கறிமுருங்கை தலையைத் தொங்கப்போட்டிருந்தது. தாங்கிக்கு நேர் கீழே, முதல் வீட்டின் பின்னால் மட்டும் கங்குங் கீரை கொழுகொழுவென்று நின்றது. கானில் பச்சைப் பாசி. வெளிச்சுவரில் டெப். டெப்பின் கீழே ஒரு கல்.

கல்லைப் பார்த்ததும் சோலைமலைக்கு அந்த இடத்திலேயே பத்து வயதாகிவிட்டது.

அது தெரேசாவின் வீடு. கொழுந்தெடுத்து அண்மையில்தான் ஓய்வு பெற்றவள். லயத்தில் அவளுடையது கடைசி அறை, கடைசிக் காம்பரா, பீலிக்குப் பக்கம். புருஷன் றோலண்ட் பெக்டரியில் வேலை பார்த்தவர். வாயில்லாத மனிதர். அந்த நேரம் முன்வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

“அக்கா, இது நம்ம பீலிக் கல்லுதானே?”

“கல்லுல என்னாடா நம்ம கல்லு, ஒங்க கல்லு?” தெரேசா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

“மூல ஒடஞ்சிருக்கே. அப்பாவோட கோடாலியத் தீட்டுறேன்னு போயி ஒடச்சது நான்தானே. அன்னிக்கு ஒங்கம்மா வெரட்டுன வெரட்டுல கோயில் வரைக்கும் ஓடுனேன்.”

“அந்தா முன்வாசல்ல தூங்குறாரே ஒங்க அண்ணன், அவருதான் சும்மாடு கட்டித் தூக்கிட்டு வந்தாரு. பாதி வழியில குந்திட்டாரு. எதுக்குடி இந்தக் கல்லுன்னு ஒரு வார்த்த கேக்கல. கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து எதுக்குன்னு கேக்காத மனுசன்.”

“நான் கேக்குறேன். ராவுல டெப்பத் தொறந்து விடுறீங்களா?”

கீரை நின்றது.

“முழுசா இல்ல. ஒரு வெரல் மொத்தம்.”

“ஒரு வெரல் மொத்தம் விடிய விடிய ஓடுனா தாங்கி காலி, அக்கா.”

“பீலி ஓடலையா? நீ பொறக்க முந்தியிருந்து ஓடுச்சே. என்னைக்குடா மல காலியாச்சு?”

சோலைமலை கல்லைக் காலால் தட்டிப் பார்த்தான். நானோ ஒரு நாள் முழுக்க இந்த வரியைத் தாண்ட முடியாமல் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.

“மல வேற, தாங்கி வேற,” என்றான் கடைசியில்.

“தண்ணி அதேதானே.”

5

[இந்த இடத்தில் தெரேசாவின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஏன் திறந்துவிடுகிறாள்? முதல் பிரதியில் அவள் ‘அந்தத் தண்ணிச் சத்தம் எங்கம்மாவோட தாலாட்டு’ என்று சொல்லியிருந்தாள். வாசிக்கிறபோது எனக்கே வெட்கமாக இருந்தது. தெரேசா அப்படிப் பேசுகிற ஆளில்லை. அவளுடைய அம்மா தாலாட்டுப் பாடுகிற ஆளுமில்லை. மூன்று மலை தாண்டிக் கேட்கிற குரல். அந்த வரியை வெட்டி எறிந்துவிட்டு அவளையே கேட்டேன். அவள் சொன்னது கீழே.]

“தூக்கம் வரல தம்பி. புது வீடு. அழகான வீடு. நான் கொற சொல்லல. ஆனா படுத்தா ஒரு சத்தமும் இல்ல. அப்பத்தான் கேட்டுச்சு.”

“என்னா கேட்டுச்சு?” என்றான் சோலைமலை.

தெரேசா முன்வாசல் பக்கம் மோவாயைக் காட்டினாள். இருவரும் காதுகொடுத்தார்கள். லொறி ஒன்று செங்குத்தில் கியர் மாற்றுவது மாதிரி ஓசை வந்தது.

“அண்ணனா?”

“கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து பக்கத்துலதான் படுத்திருக்கேன். பீலிச் சத்தத்துல ஒரு நாளு கேட்டதில்ல. இவரு கொறட்ட விடுவாருன்னே இந்த வீட்டுக்கு வந்துதான் எனக்குத் தெரியும். சாமி சத்தியமா, மொத ராத்திரி சுவரு விழுகுதுன்னு எந்திருச்சு ஓடிட்டேன்.”

சோலைமலை சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு அவள் சிரிப்பு மட்டும் நின்றது.

“அது மட்டும் இல்லடா. சத்தம் நின்னா, ஏதோ ஒன்னு நின்னுபோச்சுன்னுதானே மனசு நெனைக்குது? லயத்துல பீலி நின்ன நாளு ரெண்டு மூணுதான். ஒவ்வொரு வாட்டியும் மேல மண்ணு சரிஞ்சு இருந்துச்சு. அத்தன பேரும் புள்ளைகளத் தூக்கிட்டு வெளிய ஓடுனோம். ஒனக்கு ஞாபகம் இல்லையா?”

அவனுக்கு ஞாபகம் இருந்தது. அவனும் தூக்கப்பட்ட பிள்ளைதான். அந்த லயத்தில் பிறந்த எல்லாருக்கும் தண்ணீர்ச் சத்தம் நின்றால் எழுந்து ஓட வேண்டும் என்று காலுக்குத் தெரியும்.

“அக்கா, கூட்டத்துல நான் உண்மையச் சொன்னா ஒங்க லைனை வெட்டி எண்ட் கெப் போட்டு அடைச்சிருவாங்க. வீண் பண்ணுறவங்களுக்குச் சங்கத்துச் சட்டம் அது. மழ வர்ற வரைக்கும் தொறக்கமாட்டாங்க. சொல்லாட்டி என் பேரு போயிரும்.”

“அப்பச் சொல்லு.”

“அப்படிச் சொன்னா எப்படி? கொஞ்சம் கொறச்சுக்கங்க. சொட்டுச் சொட்டா விடுங்க.”

“சொட்டு ஆகாது. அடுத்த சொட்டு எப்ப, அடுத்த சொட்டு எப்பன்னு காத்துக்கிட்டே கெடக்கணும். ஓடுற தண்ணிதான் ஆளத் தூங்க விடும்.”

“சரி, நூல் மாதிரி.”

“நூல் கல்லுல விழுந்தா கல்லுக்கே தெரியாது. அர வெரல்.”

“கால் வெரல்.”

“எந்த வெரலு? சுண்டு வெரலா, கட்ட வெரலா?”

“சுண்டு வெரல்ல கால். தூக்கம் வந்தப்பொறவு மூடிருங்க.”

“தூக்கம் வந்தப்பொறவு எப்படிடா மூடுறது?”

(பேரத்தைக் கேட்டே வளர்ந்தவன் நான். செட்டியாரும் போறா வியாபாரியும் மோதியதைக் கல்லாவுக்குக் கீழே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஆனாலும் இரண்டு பேர் ஒரு சத்தத்துக்குப் பேரம் பேசியதை இதற்கு முன் கேட்டதில்லை. அப்பா இருந்திருந்தால் கணக்கை மூடிவைத்துவிட்டு வந்து நின்று பார்த்திருப்பார்.)

பேரம் படியவில்லை. படியாத பேரத்தில் இரு பக்கமும் வேறெங்காவது பார்ப்பது வழக்கம். தெரேசா மேலே தாங்கியைப் பார்த்தாள். தாங்கியின் கழுத்தில் ஒரு துவாரம். தண்ணீர் நிறைந்தால் வழிந்து போவதற்காகச் சோலைமலை வைத்த ஓவர்ஃப்ளோ. ஒரு துண்டுக் குழாய், மறுபக்கக் கானைப் பார்த்து.

“அந்த ஓட்டையில வழியிற தண்ணி யாரோடது?”

“யாரோடதும் இல்ல. நெறஞ்சு மிஞ்சுனது. கானுக்குப் போகுது.”

“அதுக்கு டெப் இருக்கா?”

“வழியிறதுக்கு எதுக்கு டெப்?”

“அப்ப அதுவும் பீலிதானே,” என்றாள் தெரேசா. “இந்தப் பக்கம் திருப்பி விடு.”

சோலைமலை மனதுக்குள் குழாய் ஓட்டிப் பார்த்தான். ஓர் எல்போ. ஒரு நீளக் குழாய். குறைந்தால் ஒரு சொக்கட். முனையைத் திறந்தே விட வேண்டியது. கீழே இந்தக் கல்.

“அக்கா, ஒன்னு வெளங்குதா? தாங்கி நெறஞ்சாத்தான் அது வழியும். ஒங்க டெப் மூடியிருந்தாத்தான் தாங்கி நெறையும்.”

“என் டெப் மட்டுமா? எல்லாரு டெப்பும் மூடியிருந்தாத்தான்.”

6

முடிவுக்கு வந்துவிட்டோம். கையில் இருக்கிற சரக்கைக் காட்டிவிடுகிறேன்.

முடிவு அ: சோலைமலை கூட்டத்தில் உண்மையைச் சொல்கிறான். தெரேசாவின் லைன் வெட்டப்படுகிறது. அவன் கையாலேயே எண்ட் கெப் ஒட்டுகிறான். நல்ல சோகம், நியாயமான நீளம். ஆனால் இதை எழுதினால் அந்தத் தோட்டத்துப் பக்கம் நான் இனித் தேநீர் குடிக்க முடியாது.

முடிவு ஆ: சோலைமலை பழியைத் தானே ஏற்கிறான். ‘ஒரு ஜொயின்ட் கசிஞ்சிச்சு, அடைச்சிட்டேன்’ என்கிறான். தியாகம். நான் நம்பவில்லை. சோலைமலை தியாகம் செய்யக்கூடும், தன் ஜொயின்ட் கசிந்தது என்று மட்டும் சொல்லமாட்டான். ஆளை எனக்குத் தெரியும்.

முடிவு இ: ஓவர்ஃப்ளோவை யாருக்கும் தெரியாமல் திருப்பிவிடுகிறான். தாங்கி நடு மேட்டில் இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் அதில் காக்காகூட உட்கார முடியாது. சங்கத்திடம் கேட்டுத்தான் திருப்ப வேண்டும். கேட்டால் எதற்கு என்பார்கள்.

ஆக, கூட்டத்துக்கே போய்விடுவோம்.

7

ஞாயிறு. தேவாலயத்தில் பூசை முடித்து வந்தவர்களும் கோயிலிலிருந்து வந்தவர்களும் தாங்கியடியில் கூடினார்கள். றோலண்டுக்கு ஒரு கதிரை போட்டிருந்தார்கள்.

“லீக் இல்ல,” என்றான் சோலைமலை. “தோண்டியாச்சு, தடவியாச்சு. நம்பாதவங்க குழியில எறங்கிப் பாக்கலாம். யானை இழுத்தாலும்—”

“யானை இருக்கட்டும், மாமா,” என்றாள் கிருஷாந்தி. “லீக் இல்லன்னா யாரோ தொறந்து விடுறாங்க. யாரு?”

சோலைமலை கையிலிருந்த எல்போவை உருட்டினான். கம் டின்னின் மூடியைத் திறந்து மூடினான். தன் பேர் காப்பாற்றப்பட்டுவிட்டது. இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பூண்டுலோயாக்காரன் ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் வரமாட்டான். அவன் நிமிர்ந்து தாங்கியின் கழுத்தைப் பார்த்தான்.

“டீச்சர், அது வந்து, தாங்கியோட ஓவர்ஃப்ளோ இருக்கே, அதோட டிசைன்ல—”

“நான்தான்,” என்றாள் தெரேசா.

றோலண்ட் கண் திறந்தார்.

“ராவுல தொறந்து விடுறது நான்தான். சத்தம் இல்லாமத் தூக்கம் வரல.”

கிருஷாந்தியின் முகம் பாவமாகிவிட்டது. அவள் கெட்ட பெண் இல்லை. பிள்ளைக்கு ஒரு வாளி வெந்நீர் வைக்க முடியாத கோபம் மட்டும்தான். “தெரேசாம்மா, எனக்கு வெளங்குது. ஆனா சட்டம் எல்லாருக்கும் ஒன்னுதானே. நாளைக்கு பாஸ் மாமா ஒங்க லைனுக்கு எண்ட் கெப் போடணும்.”

“போடட்டும்.”

அப்போது பின்வரிசையில் கிருஷாந்தியின் மாமியார் சண்முகவடிவு தொண்டையைக் கனைத்தாள். “பாஸு, கடையில எண்ட் கெப் வாங்குறப்ப நம்ம வீட்டுக்கும் ஒன்னு சேத்து வாங்கிக்கப்பா.”

“மாமி?”

“நீ தூங்கினப்பொறவுதான், புள்ள. கொஞ்சமாத்தான். குசினி சிங்க்ல ஒரு தட்ட வச்சு.”

கிருஷாந்தி பார்த்த பார்வையை நான் எழுதப் பார்த்தேன். வரவில்லை, விட்டுவிடுகிறேன். ஏனென்றால் அதற்குள் இன்னொரு கை எழும்பியது. பிறகு ஒரு வீட்டில் புருஷனும் பெண்சாதியும் ஒருவருக்கொருவர் தெரியாமல் முன்பக்க டெப்பையும் பின்பக்க டெப்பையும் திறந்துவிட்டிருந்தது வெளியே வந்தது. ஒருவர் தகரத்தில் விட்டார், ஒருவர் வாளியில் விட்டார், ஒருவர் ‘நான் வாழைக்குத்தான் பாய்ச்சினேன்’ என்று சாதித்தார், அவர் வீட்டில் வாழையே இல்லை. ஒரு லயமே எழும்பி வந்து, தனித்தனி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஆளுக்கொரு துண்டுப் பீலியை ஒளித்து வைத்திருந்தது.

(கட்டுரையாக இருந்தால் இங்கே ‘நீர்ச் சிக்கனம்’ என்று ஓர் உபதலைப்பு வந்திருக்கும்.)

“எல்லாருக்கும் எண்ட் கெப் போட்டா,” என்றான் சோலைமலை மெதுவாக, “சங்கம் யாருக்குத் தண்ணி விடும்?”

முதலில் சிரித்தது கிருஷாந்திதான். சிரிப்பு அடங்கியதும் சோலைமலை ஓவர்ஃப்ளோ விஷயத்தை எடுத்துவிட்டான். யோசனை தெரேசாக்காவுடையது என்று சொல்லிவிட்டு, பாதி தன்னுடையது என்றும் சேர்த்துக்கொண்டான். எல்லாரும் அந்தியோடு டெப்பை மூடினால் தாங்கி நிறையும், மிஞ்சினது வழியும், வழிகிறது கல்லில் விழும். ஒரு டெப் திறந்திருந்தாலும் விழாது. காவல் வேண்டாம், சட்டம் வேண்டாம், சத்தமே சொல்லிவிடும்.

“நல்லது,” என்றாள் கிருஷாந்தி. “எங்க விழும்?”

அதோடு பேரம் தொடங்கிவிட்டது.

8

பொழுது சாய்கிறது. சோலைமலை தாங்கியின் மேல் குந்தியிருக்கிறான். துவாரத்தில் எல்போவைச் சொருகியிருக்கிறான், கம் பூசவில்லை. எல்போவில் ஒரு நீளக் குழாய். வழக்கம் போல் கொஞ்சம் குறைகிறது. சொக்கட் பையில் இருக்கிறது.

கீழே ஆளுக்கொரு பக்கம்.

“இந்தப் பக்கம் திருப்பு பாஸு, எங்க பக்கம்தான் காத்து வீசும், சத்தம் எல்லாருக்கும் வரும்.”

“காத்து அங்கயிருந்து இல்ல வீசுது?”

“நடுவுல விடுங்கப்பா.”

“நடுவுலன்னா நடு வீட்டுக்காரன் எப்படித் தூங்குவான்?”

“மாமா,” என்கிறாள் கிருஷாந்தி, “மாமிக்குக் காது கொஞ்சம் கம்மி. நம்ம பக்கம் லேசா.”

றோலண்ட், யாரும் கேட்காமலே, “எனக்குத் தூக்கத்துல ஒரு கஷ்டமும் இல்ல” என்கிறார். அதற்குத்தான் எல்லாரும் ஒருமித்துச் சிரிக்கிறார்கள்.

தெரேசா மட்டும் கூட்டத்தில் இல்லை. வீட்டுக்குப் போயிருக்கிறாள். பின்பக்கம் போய், டெப்பை இறுக்கி மூடியிருக்கிறாள். மூடிய கையை இன்னும் எடுக்கவில்லை. கல் காய ஆரம்பித்திருக்கிறது, மூலை உடைந்த பக்கத்திலிருந்து. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு சத்தமும் இல்லை. கால் ஓடு என்கிறது. அவள் நிற்கிறாள்.

தாங்கிக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. சோலைமலை எட்டிப் பார்க்கிறான். துவாரத்துக்கு இன்னும் கொஞ்சம்தான்.

மலர்க்காரர்கள் நேற்றும் கோல் பண்ணினார்கள். கட்டுரை எங்கே என்றார்கள். பிவிசி, ஜி.ஐ., கறுப்பு ஹோஸ், சொக்கட், டீ, கேட் வால்வ், எண்ட் கெப், எல்லாம் உள்ளே இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். முடிவு இருக்கிறதா என்று கேட்டார்கள். முடிவை நான் சொருகிப் பார்த்தேன். தெரேசாவின் பக்கம் திருப்பினேன். மற்ற வீடுகள் முழித்துக் கிடந்தன. நடுவில் திருப்பினேன், கதைக்கு நன்றாக இருந்தது, தெரேசாவின் கல் காய்ந்து போனது. ஒவ்வொரு தடவையும் கம் டின்னைத் திறந்துவிட்டு மூடினேன்.

நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். மேலே ஏறுங்கள், பாசி வழுக்கும், பார்த்து. சோலைமலை தள்ளி உட்காருவான். எல்போ இன்னும் திரும்புகிறது. எந்தப் பக்கம் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கும் அந்த லயத்து ஆட்களில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

சீக்கிரம் மட்டும் பாருங்கள். தண்ணீர் துவாரத்தைத் தொட்டுவிட்டது, கீழே ஒருத்தி மூடிய டெப்பில் கை வைத்தபடி காது கொடுத்து நிற்கிறாள்.